வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, இழுத்தடிக்கும் முதலாளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் இரண்டு வருடம் வியட்நாமில், ஹோ சி மின் நகரத்தில், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். அதற்கும் முன் மூன்று வருடம் நம் பக்கத்து மெட்ரிக் பள்ளி ஒன்றில். காரிமங்கலம், பாலக்கோடு, பர்கூர், ஊத்தங்கரை என்று பல ஊர்களிலிருந்து பி.ஏ., பி.எட். முடித்தவர்கள் போன் செய்கிறார்கள், சிலர் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா அக்கா?

கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 18 சதவீதம் சேர்த்தால் 35,400. வாங்கியதற்கு ரசீது கொடுக்க வேண்டும். பதிவு உண்டா இல்லையா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ‘எங்க மெயின் ஆபீஸ் பெங்களூர்ல இருக்கு, இங்க வெறும் பிராஞ்ச்தான்’ என்று சொன்னால், அந்த மெயின் ஆபீஸ் பெயரையே கேட்டு வாங்கித் தேடுங்கள்.

பணம் அதிகம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்துப் போனவர், அங்கே முதலாளி மோசம் என்று தெரிந்தாலும் கிளம்ப மாட்டார். வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மண்டியில் முன்பணம் வாங்கின மாந்தோப்புக்காரர் காய் பறிக்கும்போது விலை பேச முடியாமல் நிற்பாரே, அந்த நிலைமைதான். உங்களுக்கு எவ்வளவு கடன் என்று முதலாளிக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் நாமே சொல்லிவிடுவோம்.

என்னுடையது ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட். கவர்ன்மென்ட் செக் பண்ணித்தானே அனுப்பும்?

நேர் எதிர். பத்தாவது பாஸ் செய்யாதவர்களுக்கு ஈசிஆர், அதாவது ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’ பாஸ்போர்ட். (மகாபலிபுரம் போகிற ரோடு இல்லை.) அவர்கள் வளைகுடா, மலேசியா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், ஒப்பந்தத்தைப் பார்த்து அரசு அனுமதி கொடுத்த பிறகுதான் விமானம் ஏற முடியும். பத்தாவது பாஸ் என்றாலே ஈசிஎன்ஆர், அதாவது செக் ‘நாட் ரிக்வயர்ட்’. அந்த அனுமதி தேவையில்லை. படித்தவர், தன் காகிதத்தைத் தானே படித்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தையாவது ஒரு அதிகாரி பார்க்கிறார். இங்கிலீஷ் டீச்சரின் ஒப்பந்தத்தை யாருமே பார்ப்பதில்லை. நம்மில் பலர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து எங்கே போடுவது என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

‘டூரிஸ்ட் விசாவில் வாங்க, வந்தப்புறம் மாத்திக்கலாம்’ என்கிறார்கள்.

இதற்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம், போகாதீர்கள். வியட்நாமில் ஒர்க் பெர்மிட் இல்லாமல் பாடம் எடுத்து மாட்டினால் ஆசிரியருக்கே 1.5 கோடி முதல் 2.5 கோடி டாங் வரை அபராதம், அதற்கு மேல் நாட்டை விட்டும் வெளியேற்றலாம். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்தால் 50,000 முதல் 83,000 ரூபாய். தாய்லாந்திலும் டூரிஸ்டாக இருந்துகொண்டு பாடம் எடுப்பது குற்றம். அப்புறம் சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், அந்த அலுவலகத்தில் முதலில் மாட்டுவது நீங்கள்தான். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். பெர்மிட் செலவு மிச்சம், சம்பளமும் மிச்சம்.

தாய்லாந்து பற்றி இன்னொன்று. 2022இல் ஐடி வேலை, டேட்டா என்ட்ரி என்று பாங்காக் அழைத்துப்போய், அங்கிருந்து எல்லை ஊரான மே சோட் வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்தார்கள். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கையே வெளியிட்டது. பள்ளிக்கூடம் பாங்காக்கில் என்று சொல்லிவிட்டு, ஏர்போர்ட்டிலிருந்து ஏழெட்டு மணி நேரம் காரில் போகவேண்டும் என்றால் ஏறாதீர்கள்.

சைனா, கொரியாவில் சம்பளம் ஜாஸ்தியாமே?

ஜாஸ்திதான், ஆனால் நமக்கில்லை. சீனாவில் இங்கிலீஷ் ஆசிரியர் பெர்மிட்டுக்குப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா மாதிரி இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுப் பாஸ்போர்ட் கேட்பார்கள். கொரியாவிலும் ஏறத்தாழ அப்படியே. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சீனாவில் இங்கிலீஷ் வேலை என்று ஒருவர் பிசினஸ் விசா எடுத்துக்கொடுத்தால், மேலே சொன்ன டூரிஸ்ட் விசா கதைதான் அதுவும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பளத் தொகையை எல்லோரும் பார்ப்பார்கள். அது எந்தத் தேதியில், எந்த நாணயத்தில், பேங்கிலா கையிலா என்று பாருங்கள். மாலத்தீவில் சம்பளம் ருஃபியாவில் வரும். அதை டாலராக்கி ஊருக்கு அனுப்ப மாதத்துக்கு உச்சவரம்பு உண்டு. வங்கியில் எண்ணூறு டாலர் மதிப்புக்குப் பணம் இருந்தும் ஊருக்கு அனுப்ப முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எத்தனை மாதச் சம்பளம் என்பதும் முக்கியம். தாய்லாந்தில் பல ஏஜென்சிகள் பத்து அல்லது பதினோரு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம் போடும். மார்ச், ஏப்ரலில் பள்ளி மூடியிருக்கும்போது வாடகையும் சாப்பாடும் உங்கள் செலவு. அங்கே தகுதிகாண் காலம் 119 நாள் என்று போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 120 நாள் வேலை பார்த்தவரை நீக்கினால் இழப்பீடு தரவேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதனால் ஒரு நாள் முன்னால் நிறுத்திக்கொள்கிறார்கள்.

மணிக்கணக்கில் சம்பளம் என்றால், மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி என்று எழுதச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் வகுப்பு இல்லாத மாதம் நீங்கள் பட்டினி. துபாய், ஷார்ஜா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைக் கடிதத்தை அரபி, இங்கிலீஷோடு தமிழிலும் தர ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். நம் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்ற பெருமையில் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் ஆபீசில் கொடுத்து வைக்கச் சொல்கிறார்களே?

எனக்கு இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

நான் முதலில் சேர்ந்த மெட்ரிக் பள்ளியில், சேர்ந்த அன்றே பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். வரை எல்லா ஒரிஜினலையும் வாங்கி ஒரு பச்சை பைலில் போட்டு, தாளாளர் அறை பீரோவில் பூட்டினார்கள். ‘வருஷ நடுவுல போயிடக் கூடாதில்லம்மா’ என்றார் தாளாளர், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். மே மாதச் சம்பளம் கிடையாது என்றபோதும் தலையாட்டினேன். நம் பக்கம் தனியார் பள்ளியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பச்சை பைல் இருக்கும். கல்விச் சான்றிதழ் சரக்கு இல்லை, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் கொடுக்கிறோம்.

அதனால்தான் வியட்நாமில் நான் வேலை பார்த்த இங்கிலீஷ் மையத்து மேனேஜர் ‘டிகிரியையும் பாஸ்போர்ட்டையும் இங்கேயே வைத்துவிடுங்கள், பத்திரமாக இருக்கும்’ என்றபோது எனக்கு உறுத்தவே இல்லை. பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் டீச்சர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் நாட்டில் இருந்து ஆட்கள் வேலைக்குப் போய்ப் போய்ப் பழகிவிட்டார்கள். ஆள் வைக்கிறவர் அடையாளப் பத்திரம், பட்டம், சான்றிதழ் ஆகியவற்றின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டு வியட்நாம் தொழிலாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவில் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதற்குத் தடை உண்டு. நம் சட்டப்படி இந்தியப் பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. ‘இது என்னுடையதே இல்லை சார், கவர்ன்மென்டுடையது’ என்று சொல்லலாம். பணிவாகவும் இருக்கும், உண்மையும்கூட.

பெர்மிட், தங்கும் அட்டை போடச் சில நாள் பாஸ்போர்ட் கேட்பார்கள். அது நியாயம்தான். எந்தத் தேதிக்குத் திருப்பித் தருவார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். அந்த நாளில் போய் நில்லுங்கள்.

சம்பளம் தாமதமாகிறது. எத்தனை நாள் பொறுக்கலாம்?

என் கதையைச் சொன்னால் கணக்குப் புரியும். எனக்கு மணிக்கு 2,50,000 டாங், மாதம் 72 மணி, ஆக 1.8 கோடி டாங், சுமார் 60,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருடம் நவம்பர் சம்பளத்தில் பாதிதான் வந்தது. டிசம்பர் சம்பளம் வரவே இல்லை. கேட்டால் ‘டெட் முடிந்ததும்’ என்றார்கள். டெட் என்பது அவர்கள் வருடப் பிறப்பு, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். நம் ஊரில் ‘பொங்கல் முடியட்டும்மா’ என்பார்களே, அதே குரல், அதே சிரிப்பு. எனக்கு வீட்டில் இருக்கிற மாதிரியே இருந்தது. அதனால் காத்திருந்தேன்.

காத்திருந்ததுதான் தப்பு. வியட்நாம் தொழிலாளர் சட்டத்தைப் பிறகு உட்கார்ந்து படித்தேன். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால்கூடச் சம்பளத்தை 30 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது, 15 நாள் தாண்டினாலே வட்டி சேர்த்துத் தரவேண்டும். சம்பளம் முழுதாகவோ நேரத்திலோ வராவிட்டால் ஆசிரியர் முன்னறிவிப்பு இல்லாமலே விலகலாம். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. நான் நாற்பது நாள் ‘பரவாயில்லை மேடம்’ என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் அதைக் காட்டித்தான், ‘இவங்களே ஒத்துக்கிட்டாங்க’ என்றார்கள்.

ஒரு முறை மூன்று நாள் தாமதம் என்றால் விடுங்கள், எந்த ஊரிலும் நடக்கும். பாதிச் சம்பளம் வந்தால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது மாதமும் அதே என்றால் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுங்கள். அவர்கள் தரமாட்டார்கள் என்று அர்த்தமில்லை, தரலாம். ஆனால் பணத்தட்டுப்பாடு வந்த மையத்தில் வாடகைக்காரர், கரண்ட் பில், உள்ளூர் ஊழியர் எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் வெளிநாட்டு டீச்சர். சண்டை போடாத ஆளுக்குக் கடைசி இடம்.

எனக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பீர்கள். பாக்கி 2.7 கோடி டாங். நாங்கள் மூன்று டீச்சர்கள் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினோம். அதில் சட்டப் பிரிவு, தொகை, கெடு தேதி எல்லாம் இருந்தன. பணம் வந்தால்தான் புது பேட்ச் வகுப்பைத் தொடங்குவோம் என்றோம். பெற்றோர்கள் மூன்று மாத பீஸை முன்கூட்டியே கட்டியிருந்தார்கள், வகுப்பு தொடங்காவிட்டால் வாசலில் வந்து நிற்பார்கள். மையத்துக்காரர்கள் பயந்தது சட்டத்துக்கு இல்லை, அந்த வாசலுக்கு. 1.8 கோடி வந்தது. மீதி 90 லட்சம் டாங், நம் கணக்கில் முப்பதாயிரம், வரவேயில்லை.

இந்த மையம்தான் முதல் மாதத்தில், ‘பெற்றோர் கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லுங்கள்’ என்றது. பாதி கிளாசுக்கு நான் சிங்கப்பூர்க்காரி. பெற்றோரிடம் பொய் சொல்லச் சொல்கிற இடம் உங்களிடம் மட்டும் உண்மை பேசும் என்று நான் எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

ஆதாரமாக எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒப்பந்தம், பெர்மிட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லோருக்கும் தெரியும். எனக்கு உதவியது கால அட்டவணையின் போட்டோ. மணிக்கணக்குச் சம்பளத்தில் எத்தனை மணி எடுத்தீர்கள் என்பதுதான் சண்டையாகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையையும் வருகைப் பதிவேட்டையும் போனில் எடுத்து என் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடுவேன். மையம் கொடுத்த மெயில் ஐடிக்கு அனுப்பிப் பயனில்லை, விலகிய அன்றே மூடிவிடுவார்கள். அங்கே எல்லாப் பேச்சும் ஜாலோ என்கிற ஆப்பில்தான். எங்களில் ஒருத்தியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள், அவளுக்கு அதில் இருந்த பழைய செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. நேரில் பேசினால், பேசியதைச் சுருக்கி ‘இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?’ என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அங்கே யாரிடம் புகார் கொடுப்பது? எம்பசி வாங்கித் தருமா?

முதலில் அந்த நாட்டுத் தொழிலாளர் துறை. வியட்நாமில் சம்பளத் தகராறு பெரும்பாலும் சமரச அலுவலரிடம்தான் முதலில் போகும். ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், கோர்ட் என்றால் ஒரு வருடத்துக்குள். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு போய்விடும்.

எம்பசி வக்கீல் ஆகாது, சம்பளத்தை வசூலித்தும் தராது. ஆனால் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதும், போன் செய்யும். சின்ன மையங்களுக்கு அதுவே உதறல். கையில் காசே இல்லாமல் மாட்டிக்கொண்டால் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் தூதரகங்களில் இருக்கிறது. தங்குமிடம், சட்ட உதவி, டிக்கெட் ஆகியவற்றுக்கு நிலைமையைப் பார்த்து அதிலிருந்து கொடுப்பார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற தளத்தில் வீட்டில் இருப்பவர்களே புகார் பதியலாம், எண் கிடைக்கும், அதை வைத்துப் பின்தொடரலாம். அதே அமைச்சகத்தின் உதவி மையத்தை இந்தியாவுக்குள் இருந்து இலவசமாக அழைக்க 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு மனு அனுப்பி வையுங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்துவிடலாமா?

உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் கிளம்புங்கள், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு. மற்றபடி வேண்டாம். வளைகுடா நாடுகளில் சொல்லாமல் போனால் ‘ஓடிப்போனவர்’ என்று முதலாளி புகார் கொடுப்பார். மறுபடி அந்த நாட்டுக்கே போக முடியாதபடி தடை விழலாம். அமீரகத்தில் தகுதிகாண் காலத்தில் நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு 14 நாள் முன்னறிவிப்பு போதும். பதினாலு நாளுக்காக ஒரு நாட்டையே இழக்காதீர்கள். மற்ற இடங்களில் பெர்மிட் அந்த முதலாளி பெயரிலேயே இருக்கும். முறைப்படி விலகி அதை முடித்தால்தான் அடுத்த இடத்தில் சிக்கல் இல்லாமல் போட முடியும். ராஜினாமாவில் பாக்கித் தொகையைக் குறிப்பிடுங்கள். ‘எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற தாளில், பணம் கைக்கு வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

திரும்பி வந்துவிட்டேன். இங்கே ஏஜென்ட் மேல் என்ன செய்யலாம்?

எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுங்கள். பதிவில்லாமல் ஆள் எடுத்தது குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம், ஏமாற்றியது தனிக் குற்றம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். ரசீது இருந்தால் ஸ்டேஷனில் பேச்சு மாறும். கூகுள் பேயில் கொடுத்திருந்தால் நல்லது. கையில் கொடுத்தவர்கள், கொடுத்த நாளில் யார் உடன் இருந்தார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

ஊரில் என்ன சொல்வார்கள்?

சொல்வார்கள். ஆறு மாதம்.

‘பொண்ணைத் தனியா அனுப்பலாமாம்மா?’

இது அப்பாக்கள் கேட்பது. போன மாதம் பட்டுக்கூடு அங்காடியிலிருந்து நேராக வந்த ஒருவர் கேட்டார். சட்டைப் பையில் அங்காடிச் சீட்டு, அதோடு மகளின் வேலைக் கடிதத்தின் ஜெராக்ஸ், நாலாக மடித்து.

அனுப்பலாம் என்றேன். அவர் செய்ய வேண்டியதையும் சொன்னேன். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பள்ளியின் முகவரி எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். திரும்பி வர டிக்கெட்டுக்கு ஆகும் பணம் அவள் பெயரில் தனிக் கணக்கில் இருக்கட்டும், அதை யாரும் தொடக் கூடாது, தங்கச்சி சீர் வந்தாலும். அப்புறம், ஒவ்வொரு மாதமும் சம்பள தேதிக்கு மறுநாள் போன் செய்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘சம்பளம் வந்துச்சா’ என்று கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாள். நானும் அப்படித்தான் சொன்னேன், நாற்பது நாள்.

அவர் பேனா கேட்டு வாங்கி, அங்காடிச் சீட்டின் பின்பக்கம் தேதியைக் குறித்துக்கொண்டார். 11.